‘வித்ஹெல்ட்’டில் இருக்கும் ‘வித்’ யாரோடு கூட்டு?

கோடைமழை:

தம்பியின் செமஸ்டர் ரிசல்ட் போன வாரம் வந்தது. வந்தது என்று சொல்வதே தப்பு. ஆறு பாடத்துக்கும் நேராக ‘வித்ஹெல்ட்’ என்று மட்டும் போட்டிருந்தது. கல்லூரியில் கேட்டால் பல்கலைக்கழகம் என்கிறார்கள், பல்கலைக்கழகத்தில் கேட்டால் கல்லூரி என்கிறார்கள். அது தனிக் கதை.

கேள்வி அப்பாவுடையது. அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி, காலையில் ஆங்கிலப் பேப்பர் படிக்காமல் பல் விளக்கமாட்டார். என் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “வித் என்றால் கூட. ஹெல்ட் என்றால் பிடித்தது. கூடவே பிடித்திருக்கிறார்களாமா? கொடுக்கமாட்டேன் என்பதற்கு எதற்கு வித்?” என்றார். நான் முழித்தேன். யோசித்தால் வித்ட்ரா, வித்ஸ்டாண்ட் எல்லாவற்றிலும் இதே இடைஞ்சல்தான். கூட நிற்பது எப்படி எதிர்த்து நிற்பது ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவர் தினமும் கேட்கிறார்.

வட்டிக்கணக்கு:

22 வருடமாக வங்கியில் வித்ட்ராயல் சீட்டில் கையெழுத்துச் சரிபார்க்கிறேன், ஒரு நாளும் தோன்றவில்லை. பணம் நம்மை விட்டுத்தான் போகிறது, ‘கூட’ எங்கே வந்தது? அப்பாவுக்கு என் வணக்கம்.

சாய்வுநாற்காலி:

அப்பா சரியான இடத்தில்தான் இடறியிருக்கிறார். வித் என்ற சொல்லுக்கு முதலில் ‘கூட’ என்று பொருளே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அது ‘எதிரே’, ‘எதிராக’, ‘நோக்கி’. ‘கூட’ என்பதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் மிட். ஜெர்மன் படித்தவர்களுக்கு இது புதிதில்லை, அங்கே இன்றைக்கும் மிட்தான் ‘கூட’. வித்துக்குப் பங்காளியான வீடர் அங்கே இன்னும் ‘எதிர்’ என்ற பொருளிலேயே இருக்கிறது. வித்ஸ்டாண்டுக்கு நேர்ச் சொல் வீடர்ஷ்டேயன். இரண்டுமே எதிர்த்து நில் என்பதுதான்.

ஒரு சாட்சி காட்டுகிறேன். பெயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் ஏடு கிட்டத்தட்ட 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் நாயகன் ராஜாவின் சபைக்கு வந்து, கிரெண்டல் என்ற அரக்கனை நான் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். 424-ஆம் அடியிலிருந்து மூன்று அடிகளுக்குள் மூன்று முறை வித் வருகிறது: வித் கிரெண்டல், வித் அந்தக் கொடியவன், வித் அந்த ராட்சசன். இன்றைய பொருளில் படித்தால் ஆள் அரக்கனோடு பார்ட்னர்ஷிப் போட வந்திருக்கிறான் என்றுதான் தோன்றும்.

வித்ஸ்டாண்ட் அந்தக் காலத்துச் சொல். வித்ட்ராவும் வித்ஹோல்டும் கொஞ்சம் பிந்தி, 1200 வாக்கில் வந்தவை. அவற்றில் வித் என்றால் ‘பின்னால், தன் பக்கமாக, அப்பால்’. ஆக, தம்பியின் மார்க்கைப் பின்னால் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒட்டுச்சொல்லாகப் போனதால் பழைய பொருள் உள்ளேயே உறைந்துவிட்டது.

கோடைமழை:

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “பின்னால் பிடித்திருக்கிறார்கள், சரி” என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அடுத்த கேள்வி: எதிரி எப்படிக் கூட்டாளி ஆனான்?

விட்டுவிடு:

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? தமிழ் ‘விட்டு’தான் வித். விட்டு இழு என்றால் வித்ட்ரா. விட்டுப் பிடி என்றால் வித்ஹோல்ட். வெள்ளைக்காரன் இங்கிருந்து எடுத்துப் போனான் என்று ஒத்துக்கொள்ள நமக்கே கூச்சம்.

சாய்வுநாற்காலி:

வந்துவிட்டீர்களா, எப்போது வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்கு ஒத்துப்போகிறது, மறுக்கவில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் ஏறுவதற்கு அறுநூறு வருடம் முன்பே பெயோவுல்ஃபில் வித் இருக்கிறது. அதற்கும் முன்னால், 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா கோத்திக் மொழியில் பைபிளைப் பெயர்த்தாரே, அதில் வித்ரா. பொருள் எதிராக. ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியில் வித்ர். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், முக ஜாடை அப்படியே தெரிகிறது.

மூலத்தில் ‘வி’ என்ற வேர், பொருள் பிரிவு, விலகல். சமஸ்கிருதத்தில் அது முன்னொட்டாக இருக்கிறது. யோகம் என்றால் சேர்க்கை, வியோகம் என்றால் பிரிவு. அந்த வி-யும் வித்தில் உள்ள வி-யும் ஒன்று. தமிழோடு உறவு வேண்டுமானால் இந்தச் சுற்றுவழியில் கொஞ்சம் உண்டு. நேர்வழியில் இல்லை.

விட்டுவிடு:

சரி, விட்டுவிடுகிறேன். பெயரே அதுதான்.

பழைய வாத்தியார்:

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். மிட் என்ற சொல் முழுக்க அழிந்துவிடவில்லை என்று சொல்லத்தான் வந்தேன். மிட்வைஃப் என்ற சொல்லில் இன்னும் இருக்கிறது. மிட் என்றால் நடு, வைஃப் என்றால் மனைவி. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்பவள் என்று பொருள். முப்பது வருடம் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பனியில் ஒருத்தி:

வாத்தியார் ஐயா, கோவிக்க வேண்டாம். மிட் அதிலே இருக்கிறது சரி, ஆனால் ‘நடு’ என்ற பொருளில் இல்லை. சாய்வுநாற்காலி சொன்ன அதே ‘கூட’தான். வைஃப் என்றால் அந்தக் காலத்தில் மனைவி என்று மட்டும் இல்லை, பெண் என்றுதான் பொருள். ஜெர்மன் காரரின் வைப் அதே சொல். ஆங்கிலத்தில் ஃபிஷ்வைஃப் என்றால் மீன் விற்கிற பெண், மீனுடைய மனைவி இல்லையே! ஆகவே மிட்வைஃப் என்றால் கூட இருக்கிற பெண். பிள்ளை பெறுகிறவளோடு கூட இருக்கிறவள்.

எனக்கு இது மனசிலே நிற்கக் காரணம், நானே ஊரில் இரண்டு வருசம் மருத்துவமாதுவாக வேலை செய்தவள். எங்களுடைய சொல்லிலும் மாது இருக்கிறாள் பாருங்கோ. வலி கூடின நேரத்தில் அந்தப் பிள்ளையள் கேட்கிறது ஊசியோ மருந்தோ இல்லை. “போயிடாதேங்கோ மிஸ்” என்றுதான். கையைப் பிடித்தால் நகம் பதிகிற அளவுக்குப் பிடிப்பினம்.

இப்ப நோர்வேயில் இருக்கிறேன். இங்கே அதற்கு யூர்மூர் என்பினம், மண் அம்மா என்ற மாதிரி. ‘கூட’ என்பதற்கு மெட், அது உங்களின் மிட்டுக்கு உறவு. வித்துக்கு உறவான வெட் ‘கிட்ட, அருகில்’ என்ற பொருளில் நிற்கிறது. ஆங்கிலத்தில் வித் மிட்டைத் துரத்திவிட்டது, இங்கே இரண்டும் அதனதன் வீட்டில் இருக்கின்றன. ஆனால் சண்டை என்று வந்தால் இங்கேயும் மெட்தான், “ஸ்லோஸ் மெட்” என்று சொல்லுவினம். யாரோடு சேர்ந்தா, யாரை எதிர்த்தா என்று கதையைக் கேட்டால்தான் விளங்கும்.

பழைய வாத்தியார்:

அம்மா, முப்பது வருடத்தை ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிட்டீர்கள். அகராதியை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. என்னிடம் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்கவும்.

கறுப்புக்கோட்டு:

எங்கள் தொழிலில் வித் தினமும் எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது. சட்டத்தில் பாதிப் பிரிவுகள் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கும். அரசியல் சாசனத்தின் 370-வது பிரிவு 2019-ல் மாற்றப்படும்வரை அதன் முதல் சொல்லே அதுவாகத்தான் இருந்தது. வேறு எந்தப் பிரிவு என்ன சொன்னாலும் சரி, அது இதற்கு எதிரே நிற்காது என்று பொருள். தமிழில் ‘எது எவ்வாறிருப்பினும்’ என்று போடுவோம், அதில் நிற்பதும் இல்லை, எதிர்ப்பதும் இல்லை.

இது லத்தீனின் ‘நான் ஆப்ஸ்டான்டே’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வார்த்தது. இன்றும் நீதிமன்றத்தில் அந்த மாதிரிப் பிரிவை நான் ஆப்ஸ்டான்டே கிளாஸ் என்றுதான் சொல்கிறோம். ஆப்ஸ்டாரே என்றால் எதிரே நில், குறுக்கே நில். இடைஞ்சல் என்று பொருள்படும் ஆப்ஸ்டகிள் அதில் பிறந்தது.

பனியில் ஒருத்தி:

ஐயோ, பொறுங்கோ! மகப்பேற்று மருத்துவத்துக்கு ஆப்ஸ்டெட்ரிக்ஸ் என்கிறோமே, அதுவும் அந்த ஆப்ஸ்டாரேயில் வந்ததுதான். லத்தீனில் ஆப்ஸ்டெட்ரிக்ஸ் என்றால் மருத்துவிச்சி. பிள்ளை பெறுகிறவளுக்கு எதிரே, முன்னால் நிற்கிறவள். பயிற்சிக் காலத்தில் சொல்லித் தந்தது. கோர்ட்டில் குறுக்கே நிற்கிறதும் பிரசவ அறையில் முன்னால் நிற்கிறதும் ஒரே வினை என்று இப்பதான் விளங்குது.

கறுப்புக்கோட்டு:

எனக்கும் இது புதுச் செய்தி. நாளைக்கு பார் ரூமில் சொல்லப்போகிறேன், உங்கள் பெயரில்லாமல்!

பழைய வாத்தியார்:

இந்த அம்மா சொன்னதைப் படித்துவிட்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. இந்தத் தடவை தப்பாக இருந்தால் உடனே திருத்துங்கள்.

நம் ‘எதிர்’ என்ற சொல்லையே பாருங்கள். எதிரி என்றால் பகைவன். ஆனால் எதிர்கொண்டு அழைத்தல் என்றால்? மாப்பிள்ளை ஊர் எல்லைக்கு வந்ததும் மேளத்தோடு போய்க் கூட்டி வருவது. எனக்கு மதுரை. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வருவார். ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் மூன்றுமாவடியில் ஊரே திரண்டு அவரை வரவேற்கும். அதற்குப் பெயர் எதிர்சேவை. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து போவேன். தோப்பறை என்ற தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் சட்டையை நனைத்துவிடுவார்கள், எல்லார் கையிலும் சர்க்கரை நிரப்பிய சொம்பு, மேலே சூடம் எரியும். அங்கே யாரும் அழகருக்கு எதிரி இல்லை.

எதிர் என்றால் அடிப்படையில் முகத்துக்கு முகம், அவ்வளவுதான். எதிர்வீடு பகைவீடு இல்லையே. முகத்துக்கு முகம் நின்றபின் கத்தியை எடுப்பதும் கையைப் பிடிப்பதும் அவரவர் பாடு. அந்தப் பழைய வித்தும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

கோடைமழை:

ஐயா, இதை அப்பாவிடம் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அது அவர் சிறப்பாக எதையாவது கேட்டால் மட்டும் செய்வது.

சாய்வுநாற்காலி:

வாத்தியார் ஐயா சொன்னது உவமையாக அருமை, பொருளின் அடித்தளமும் அதுதான். ஆனால் ‘எதிர்’ இவ்வளவு தூரம் வளைந்தும் ‘கூட’ என்று ஆகிவிடவில்லை. ஆங்கிலத்தில் வித் அந்தக் கோட்டைத் தாண்டியது. அதற்குத் தனிக் காரணங்கள் வேண்டும்.

முதலில் வினைகள். சண்டை போடுவது, பேரம் பேசுவது, பேசித் தீர்ப்பது, பண்டம் மாற்றுவது எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தரை நோக்கிச் செய்கிறோம், அதே சமயம் அவரும் அதைச் செய்கிறார். பெயோவுல்ஃப் வரியிலேயே பாருங்கள், அவன் அரக்கனோடு ‘திங்’ ஒன்றை நடத்தப்போவதாகச் சொல்கிறான். திங் என்றால் அன்றைக்குக் கூட்டம், பஞ்சாயத்து. பஞ்சாயத்தில் எதிரே இருக்கிறவன் கூடவும்தானே இருக்கிறான்? இந்த மாதிரி இடங்களில் வித்தை எந்தப் பக்கம் போட்டுப் படித்தாலும் வாக்கியம் நிற்கும். லத்தீனிலும் ‘கூட’ என்று பொருள்படும் கும் என்ற சொல்லை வைத்துத்தான் பகைவனோடு போரிடுவதைச் சொன்னார்கள். நாமும் ‘அவனோடு சண்டை’ என்றுதான் சொல்கிறோம். ‘அவனை எதிர்த்துச் சண்டை’ என்று எழுதுவது பத்திரிகைக்காரர்கள் மட்டும்.

அடுத்தது வைக்கிங்குகள். 9-ஆம் நூற்றாண்டில் டென்மார்க் பக்கத்திலிருந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதியைப் பிடித்துக் குடியேறினார்கள். அவர்கள் வித்தில் எதிர், கூட என்ற இரண்டு வாசனையும் ஏற்கெனவே இருந்தது. ஒரே சந்தையில் ஒரே சொல்லை இரண்டு பேரும் கொஞ்சம் வேறாகப் பேசினால் என்ன ஆகும்? ஆங்கிலம் அவர்களிடமிருந்து தே, தெம், தெயர் என்று பிரதிப்பெயரையே வாங்கிக்கொண்டது, ஒரு வித்தின் பொருளை வாங்கியதில் வியப்பில்லை.

மாற்றம் மெல்ல நடந்தது. 12-ஆம் நூற்றாண்டு தொடங்கி 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மிட் ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்த முடிவில் சாசர் எழுதிய கான்டர்பரி கதைகளின் முதல் அடியிலேயே ஏப்ரல் மாதம் ‘வித்’ தன் இனிய மழை என்று வருகிறது. மழையால் என்று பொருள். எதிர்ப்பு வாடையே இல்லை. காலியான எதிர்ப்பு வேலைக்கு அகெய்ன்ஸ்ட் முழுநேர ஆளாக வந்து உட்கார்ந்தது.

சுக்குக்கசாயம்:

இவ்வளவு பேர் போரைப் பற்றியே பேசுகிறீர்கள், வித் அதிகம் வேலை பார்த்தது வைத்தியத்தில். பழைய ஆங்கில மருத்துவ ஏடுகளைத் திறந்தால் வரிக்கு வரி வித். வித் தலைவலி, இதைச் செய். வித் திடீர்க்குத்து, இந்த மந்திரத்தைச் சொல். நோய்க்கு எதிராக என்று பொருள்.

பால்டின் மருத்துவ நூல் என்று ஒன்று உண்டு, 10-ஆம் நூற்றாண்டு ஏடு. அதில் ‘வித்’ கண்கட்டி ஒரு களிம்பு. பூண்டு, அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்று, திராட்சை மது, மாட்டுப் பித்தம் எல்லாவற்றையும் கலந்து பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது ராத்திரி வைக்கச் சொல்கிறது. 2015-ல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் அதே பக்குவத்தில் செய்து பார்த்தபோது, சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியையே ஆய்வுக்கூடத்தில் கொன்றது. (யாரும் கண்ணில் போட்டுக்கொள்ளாதீர்கள்.)

வட்டிக்கணக்கு:

நாம் இதற்கு ‘கு’ போடுகிறோம், கவனித்தீர்களா? தலைவலிக்கு மாத்திரை. ஊரில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கத்தரி. “செடிக்கு மருந்து அடிச்சாச்சு” என்பார் சித்தப்பா. கொஞ்ச நேரம் கழித்து அதையே “பூச்சிக்கு மருந்து அடிச்சாச்சு” என்பார். அதே டேங்க், அதே மருந்து, அதே ‘கு’. செடி பிழைக்கவேண்டும், பூச்சி சாகவேண்டும். இத்தனை நாளாக இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

சாய்வுநாற்காலி:

வட்டிக்கணக்கு, நான் மூன்று பத்தி எழுதியதற்கு உங்கள் சித்தப்பாவே போதும்.

திரைக்கீழ்:

வசன வரி மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. வித் வந்தாலே எனக்குப் பயம். ‘கத்தியுடன் குத்தினான்’ என்று போன மாதம் ஒரு பையன் எழுதிக் கொடுத்திருந்தான். குத்தப்பட்டவனும் கத்தியுமாகச் சேர்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. கத்தியுடன் வந்தான், கத்தியால் குத்தினான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வித். மிட் காலத்திலும் இந்த இரண்டு வேலையும் ஒரே சொல்லில்தான் இருந்ததா?

சாய்வுநாற்காலி:

ஆமாம், மிட் துணைக்கும் கருவிக்கும் சேர்த்தே இருந்தது. வித் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது இரண்டும் அதற்கு வந்தன. அதற்காகப் பையனைத் திட்டாதீர்கள். தொல்காப்பியத்தில் மூன்றாம் வேற்றுமைக்குப் பெயரே ‘ஒடு’தான், கருவிப் பொருளும் அதற்குள்ளேயே அடக்கம். ‘ஊசியொடு குயின்ற’ என்று உரைகளில் எடுத்துக்காட்டு வரும், ஊசியால் தைத்த என்று பொருள். ஆல், ஓடு என்று வேலையைக் கறாராகப் பிரித்துக்கொண்டது பிற்பாடு.

திரைக்கீழ்:

அவனுக்கு இதைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த படத்தில் ‘துப்பாக்கியொடு சுட்டான்’ என்று எழுதிவிட்டுத் தொல்காப்பியம் என்பான்.

விட்டுவிடு:

வித்தவுட் மட்டும் விட்டுப்போச்சே. பஸ்ஸில் நான் நிறைய வித்தவுட் போயிருக்கிறேன்.

சாய்வுநாற்காலி:

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். அதில் வித்தோடு இருப்பது ‘ஊட்டன்’, வெளிப்பக்கமிருந்து என்று பொருள். மொத்தத்தில் ‘வெளிப்புறமாக’. வித்தின் என்றால் உள்ளே, வித்தவுட் என்றால் வெளியே, அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கிறித்தவப் பாடல் ஒன்றில் நகரச் சுவருக்கு ‘வித்தவுட்’ ஒரு பச்சைக் குன்று வரும். சுவருக்கு வெளியே இருக்கும் குன்று. மிஷன் பள்ளியில் அதைப் பாடிய எனக்கு, குன்றுக்கு எதற்குச் சுவர், இல்லை என்று ஏன் வருத்தப்படுகிறார்கள் என்று ரொம்ப நாள் சந்தேகம்.

வெளியே இருப்பது கையில் இல்லை, அதனால் ‘இல்லாமல்’. அந்தக் கணக்கில், டிக்கெட்டுக்கு வெளியே பயணம் செய்திருக்கிறீர்கள்.

விட்டுவிடு:

செக்கிங் வந்தால் பஸ்ஸுக்கும் வெளியேதான்.

கோடைமழை:

எல்லாருக்கும் நன்றி. தம்பிக்கு நேற்று சாயங்காலம் ரிசல்ட் விட்டுவிட்டார்கள். ஐந்து பாஸ், ஒரு பேப்பர் அரியர். அப்பா மறுபடி என் போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றவுமில்லை, கழற்றவுமில்லை. “பின்னாலேயே பிடிச்சு வச்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.